ஒல்லிக் கையேடுகள்

பல்கலைக்கழக நூலகத்தில் டியூயி எண் 709.54 என்றால் இந்தியக் கலை. அந்த அடுக்கில் தடிப்புத்தகங்களை விட்டுவிட்டு, இடையில் நசுங்கிக் கிடக்கும் ஒல்லியான கண்காட்சிக் கையேடுகளைத்தான் நான் உருவுவேன். வாழும் கலைஞரைப் பற்றித் தனிநூல் வரப் பல வருடம் ஆகலாம். கையேடு கண்காட்சியோடேயே வந்துவிடுகிறது.

கலைஞர் ஷீலா கௌடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் பத்ராவதியில் பிறந்தவர். அவருடைய ‘பிஹோல்ட்’ (2009) என்ற படைப்பு, கையேட்டுப் படத்தில் வெறும் கறுப்புக் கயிறும் கார் பம்பர்களுமாகத்தான் தெரியும். கீழே பொடி எழுத்தில் பொருட்களின் பெயர்: தலைமுடி, எஃகு. அப்போதுதான் உறைக்கும். கோயிலில் இறக்கிய முடி. பெங்களூரில் திருஷ்டிக்காக வண்டியில் கட்டுகிற அதே கயிறு, சுமார் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு! நம்மூர் லாரி டிரைவருக்கு விளக்கவே வேண்டாம். படைப்போ லண்டன் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. அங்கே வருபவர்களுக்கு விளக்காமல் முடியுமா?

கையேட்டின் கடைசிப் பக்கங்களைத் தாண்டிவிடாதீர்கள். கலைஞர் எந்த ஊரில் எந்த வருடம் காட்சிக்கு வைத்தார், அவரைப் பற்றி யார் எழுதினார்கள் என்ற பட்டியல் அங்கேதான். ஒரு கட்டுரைத் தலைப்பைப் பிடித்து நூலகக் கணினியில் ஜேஸ்டோர் என்ற ஆய்வுக்கட்டுரைத் தளத்தில் தட்டினால், அது இன்னொன்றைக் காட்டும். சாப்பாட்டு நேரம் போய்விடும்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது மட்டும் அழுத்தாதீர்கள். பசை முதுகு, பிளந்துகொள்ளும்.