குரலால் நடத்தும் யுத்தம்

மாசிப் பனியில், இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வாசலில் காமன் கூத்துப் பார்த்தவர்கள், மதன் எய்யும் மலரம்புக்கும் சிவனுடைய நெற்றிக்கண்ணுக்கும் இடையே மூளும் யுத்தத்தை நடத்துகிறவர் வேஷம் கட்டியவர் அல்லர், ஓரத்தில் நின்று பாடுகிற கூத்து மாஸ்டரே என்பதை அறிவார்கள். அவர் அடியை நீட்டிப் பாடினால் மதனின் வில் தாமதிக்கிறது. தப்புப் பறை துரிதமானால் கால்கள் பறக்கின்றன.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கதை விளையாட்டை, இன்று தூரதேசத்து நண்பர்கள் குரல்வழி அழைப்பில் கூடி ஆடுகையில், யுத்த கட்டத்தை நடத்துகிறவருக்கு வேண்டுவதும் ஏறக்குறைய இதே வித்தைதான். முகம் தெரியாது, கைஜாடை செல்லாது, இருவர் ஒருசேரப் பேசினால் இருவர் சொல்லும் கெடும். ஆகையால், இருபது முகப் பகடையில் விழுந்த எண்ணைக் கொண்டு வரிசை வகுத்து, ஒருவரை அழைக்கும்போதே அடுத்தவரையும் ஆயத்தப்படுத்தி, கதைக்குள் ஆறே விநாடியில் முடிந்துவிடும் ஒரு சுற்றை, அது அரைமணி நேரம் நீண்டாலும், சுவை குன்றாமல் அவர் சொல்ல வேண்டும். "பதினேழு, பட்டது" என்று கணக்கை மாத்திரம் அறிவிப்பவர் எனக்கு உவப்பானவர் அல்லர். வாள் கேடயத்தில் உரசி வழுக்கியதைச் சொல்லி, ஒரு கணம் மௌனித்து, "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பவரே உத்தமர்.

நெற்றிக்கண் திறக்குமுன் தப்பு சட்டென்று ஓய்ந்த அப்படியொரு கணத்தில், கம்பளிக்குள் குழந்தையை அணைத்தபடி நின்ற பெண்கள் மூச்சடக்கிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.