‘மறைமுகம்’ என்றால் யாருக்கு மறைமுகம்?

மேம்பாட்டுத் திட்டங்களைப் பற்றிக் கட்டுரை கொடுத்தால், பாதிக்கப்படுவோர் என்ற இடத்தில் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே சொல்லை எழுதுகிறார்கள்: ‘மக்கள்’. எந்த மக்கள் என்று கேட்டால் விழிக்கிறார்கள். வணிகம் படிக்கும் பிள்ளைகள் கொஞ்சம் தேவலாம், இரண்டு பத்தி போட்டுவிடுவார்கள். நேரடித் தரப்பினர்: முதலீட்டாளர், குத்தகையாளர், தொழிலாளர், வாடிக்கையாளர். மறைமுகத் தரப்பினர்: சுற்றுவட்டார மக்கள், ஊடகம், அரசு சாரா அமைப்புகள். புள்ளி கிடைத்துவிடும். ஆனால் இந்தப் பிரிப்பு சரிதானா?

முதல் குறை சொல்லிலேயே இருக்கிறது. நம்மில் பலர் இவர்களைப் ‘பங்குதாரர்’ என்கிறோம். அது பங்கு வாங்கியவரைக் குறிக்கும் சொல். காசு போடாதவருக்கு இடமில்லை என்ற எண்ணம் அப்போதே வந்துவிடுகிறது. 1984இல் ஃப்ரீமன் தந்த வரையறை அப்படிச் சொல்லவில்லை. ஒரு நிறுவனத்தின் செயலைப் பாதிக்கக்கூடியவரும் அதனால் பாதிக்கப்படுபவரும் இதில் அடங்குவர். ஆகவே ‘தரப்பினர்’ என்பதே பொருத்தம்.

இரண்டாவது குறை பெரியது. ஒப்பந்தம் இருந்தால் நேரடி, இல்லாவிட்டால் மறைமுகம் என்று பிரிக்கிறோம். இது திட்டத்தோடு உள்ள நெருக்கத்தை அளக்கிறது, பாதிப்பை அளக்கவில்லை.

நம் ஜொகூரிலேயே உதாரணம் உண்டு. கேலாங் பாத்தா அருகே, ஜொகூர் நீரிணையில் கடலைத் தூர்த்து உருவானது ஃபாரஸ்ட் சிட்டி. 4 தீவுகள், சுமார் 1,386 ஹெக்டர், 700,000 பேர் குடியிருக்கலாம் என்பது திட்டம். பக்கத்தில்தான் மெராம்போங் கடற்புல் திட்டு இருக்கிறது. மீன்கள் வளரும் இடம் அது. தஞ்சோங் கூப்பாங் மீனவர்களும் ஓராங் செலேத்தார் மக்களும் இந்தக் கடலை நம்பி வாழ்கிறவர்கள். அவர்களுக்கு ஒப்பந்தமும் இல்லை, பங்கும் இல்லை. நம் பட்டியல்படி அவர்கள் ‘மறைமுகம்’. ஆனால் மண் கொட்டியது அவர்கள் வலை போட்ட தண்ணீரில். இதைவிட நேரடியாக என்ன வேண்டும்?

இன்னொரு தரப்பையும் பாருங்கள். சிங்கப்பூருக்கும் இத்திட்டத்தில் ஒப்பந்தம் கிடையாது. ஆனால் 2014இல் அது மலேசியாவிடம் கவலை தெரிவித்தது. அந்த ஆண்டின் நடுவில் வேலை நின்றது. விரிவான சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கேட்கப்பட்டு, 2015 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. ஒரே ‘மறைமுக’ப் பத்தியில் ஓர் அரசாங்கமும் ஒரு சம்பான்காரரும்! இரண்டும் ஒன்றா?

இதற்குத்தான் 1997இல் மிட்செல், ஏகல், வூட் மூவரும் மூன்று அளவுகோல் வைத்தார்கள்: அதிகாரம், நியாயமான உரிமை, அவசரம். மீனவருக்கு உரிமை உண்டு, அவசரமும் உண்டு, அதிகாரம் மட்டும் இல்லை. இவர்களை அவர்கள் ‘சார்ந்திருப்போர்’ வகையில் வைக்கிறார்கள். அதிகாரமுள்ள வேறொருவர் துணைக்கு வந்தால்தான் இவர்கள் குரல் எடுபடும். நாம் அதிகம் சொல்லித்தரும் ‘அதிகாரம், அக்கறை’ என்ற நான்கு கட்டப் படமோ, அக்கறை அதிகம் அதிகாரம் குறைவு என்றால் ‘தகவல் சொன்னால் போதும்’ என்று முடித்துவிடுகிறது. பிழைப்பே போகிறவருக்கு வெறும் தகவல் எதற்கு?

வகைப்படுத்துவதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு திட்ட மேலாளர் எல்லாரோடும் தினமும் உட்கார்ந்து பேச முடியாது. பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் பிரிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம்:

1. இந்தத் திட்டம் எதை எடுக்கிறது, எதை மாற்றுகிறது? (நிலம், நீர், பாதை, வருமானம்)
2. நேற்றுவரை அதைப் பயன்படுத்தியவர் யார்?
3. அவர் ‘வேண்டாம்’ என்றால் யாராவது கேட்பார்களா?

இரண்டாவது கேள்வி பட்டியலில் விடுபட்டவரைக் கண்டுபிடிக்கும். மூன்றாவது, யாருக்கு முதலில் காது கொடுக்க வேண்டும் என்று காட்டும். மாணவர்களே, தேர்வில் ‘மக்கள்’ என்று எழுதும் இடத்தில் இந்த விடைகளை எழுதிப் பாருங்கள். கருத்து தானாக விரியும்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. ரப்பர்த் தோட்டம் ஒன்று மேம்பாட்டுக்கு விற்கப்படுகிறது. வாங்குபவர், விற்பவர், வங்கி எல்லாம் நேரடித் தரப்பு. லயத்தில் குடியிருந்தவர், தோட்டக் கோயில், தமிழ்ப்பள்ளி, கடனுக்கு மளிகை கொடுத்த கடைக்காரர் எந்தப் பத்தியில் வருவார்கள்? பிள்ளைகள் வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரட்டும். பலருக்கு விடை வீட்டிலேயே இருக்கும்.