ஒகினாவா: நூறு வயதுத் தாத்தாவும் ஐம்பது வயது மகனும்

நெட்ஃபிளிக்ஸில் 2023-ல் வந்த ப்ளூ ஜோன்ஸ் தொடரை இப்பத்தான் பார்த்து முடித்தேன். டான் பியூட்னர் ஊர் ஊராகப் போய் நூறு வயதுக்காரர்களைச் சந்திக்கிறார். அழகாக எடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு என் சித்தப்பா, சர்க்கரைவள்ளிக்கிழங்கு போதும், பிபி மாத்திரையை நிறுத்தப்போறேன் என்கிறார். அதனால் எழுதியே ஆகணும்.

ஜப்பான் அரசு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 47 மாகாணங்களுக்கும் ஆயுள் அட்டவணை வெளியிடுகிறது. 1985-ல் ஒகினாவா ஆண்கள் முதலிடம். 1995-ல் நான்காவது. 2000-ல் 26. அங்கே இதை '26 அதிர்ச்சி' என்றே சொல்கிறார்கள். 2020-ல் 43. ரொம்ப காலம் முதலிடத்தில் இருந்த பெண்களும் 2020-ல் 16-க்கு வந்துவிட்டார்கள்.

அந்த 15 வருடத்தில் ஒகினாவா ஆண்களின் ஆயுள் குறையவில்லை, கொஞ்சம் கூடத்தான் செய்தது. மற்ற மாகாணங்கள் வேகமாக முந்திவிட்டன. சராசரி ஆயுள் என்பது அந்த வருடம் ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை வைத்துப் போடும் கணக்கு. நூறு வயதுத் தாத்தா தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறார். சராசரியைக் கீழே இழுப்பது ஐம்பதுகளில் சாகும் மகன். 65 வயதுக்குள் இறப்பவர்கள் அங்கே அதிகம். அதில் குடியும் கல்லீரல் நோயும் பெரிய பங்கு. ஜப்பானிலேயே தனிநபர் வருமானம் மிகக் குறைந்த மாகாணங்களில் ஒன்று அது.

தொடர் இகிகாய், நண்பர் வட்டம், கிழங்கு என்று காரணம் சொல்கிறது. சரி, அதே தீவு, அதே வட்டம், மகனை ஏன் காப்பாற்றவில்லை? நூறைத் தொட்டவர்களிடம் மட்டும் ரகசியம் கேட்டால் இந்தக் கேள்வியே வராது. (1945 போரில் குடும்பப் பதிவேடுகள் எரிந்துபோனதால் அந்த வயதுகளையே சந்தேகிக்கும் சால் நியூமன் வாதம் தனி. அது இல்லாமலே என் கேள்வி நிற்கும்.)

எனக்கு நாகானோதான் சுவாரசியம். மலைநாடு, ஊறுகாயும் மிசோவும் அதிகம் சாப்பிடுபவர்கள், ஒரு காலத்தில் பக்கவாதச் சாவு ஏராளம். உள்ளூர்ப் பெண்கள் சுகாதாரத் தொண்டர்களாகத் தெருத்தெருவாக உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். 1990-ல் ஆண்கள் முதலிடம், 2010-ல் ஆண் பெண் இருவருமே. அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மாற்றம் எங்கிருந்து எங்கே வந்தது என்று தெரிகிறது. மிசோ சூப்பில் உப்பு அளக்கும் காட்சியை எந்த ஓடிடி வாங்கும், அது வேறு விஷயம்.

சித்தப்பாவுக்கு இதையெல்லாம் அனுப்பினேன். கிழங்கு சாப்பிடுங்க, மாத்திரையையும் போடுங்க என்று கடைசி வரி. நீல டிக் வந்துவிட்டது, பதில் இன்னும் வரல.