வால்யூமும் பாஸ்-ட்ரெபிள் போர்டும்

ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வரும் பிரீஆம்ப்ளிஃபயரில் இரண்டு வகை உண்டு. பேசிவ் வகையில் வால்யூம் கன்ட்ரோல் மட்டுமே இருக்கும். அதற்குக் கரன்ட் வேண்டாம், சத்தத்தைக் குறைக்கும், கூட்டாது. ஆக்டிவ் வகை கூட்டவும் செய்யும். தாயில்பட்டி, சிவகாசி வட்டாரம் போலக் கடையில் அசெம்பிள் செய்து செட் வாங்கும் ஊர்களுக்கு அது 4558 ஐசி வைத்த பாஸ்-ட்ரெபிள் போர்டாகவே பழக்கம்.

சிடி பிளேயர் சுமார் 2 வோல்ட் தருகிறது. 4440 ஐசி ஆம்ப்ளிஃபயர் போர்டு முழுச் சத்தம் போட அதில் சிறு பங்கே போதும். நடுவில் ஒரு நல்ல வால்யூம் இருந்தால் வேலை முடிந்தது. இன்னொரு சர்க்யூட் குறுக்கே வராததால் அதன் இரைச்சலும் சேராது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் ஸ்பீக்கரில் காதை வைத்தால் அந்தச் சுத்தம் தெரியும்.

பேசிவின் பலவீனம் ஒயரில் இருக்கிறது. 100 கே வால்யூமின் வெளியீட்டுத் தடை 25 கிலோ ஓம் வரை ஏறும். அதோடு நீளமான ஷீல்டு ஒயர் சேர்ந்தால் ஜால்ராவின் மினுக்கம் மங்கத் தொடங்கும். 10 கே வால்யூமும் அரை மீட்டர் ஒயரும் இதைத் தவிர்க்கும்.

ரெக்கார்ட் பிளேயரின் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதற்கு ஆக்டிவ் ஃபோனோ பிரீஆம்ப் கட்டாயம். ஒயர் நீளம் என்றாலும், பாஸ் ஏற்றிக் கேட்க வேண்டும் என்றாலும் ஆக்டிவே சரி. ஒரே பிளேயர், பக்கத்திலேயே ஆம்ப்ளிஃபயர் என்றால் பேசிவ் போதும்.