அசையாத லென்ஸ்: ஆதாயமும் விலையும்

உயிருள்ள திசுவை முப்பரிமாணத்தில் படம்பிடிக்க வேண்டுமானால் நுண்ணோக்கியின் குவியம் மேலும் கீழும் போய்வர வேண்டும். பக்கவாட்டில் லேசர் கதிரை ஓட்டுவதற்குச் சிறு ஆடிகள் போதும். நொடிக்கு ஆயிரக்கணக்கான கோடுகளை அவை வரைந்துவிடும். ஆழவாக்கில் நகர்த்துவதுதான் பாடு. பொருளருகு லென்ஸ் நூற்றுக்கணக்கான கிராம் எடையுள்ள உலோக உருளை. மின்னழுத்தத்தால் நுண்ணளவில் நகரும் பீசோ கருவியால் அதை ஏற்றி இறக்கினால் நொடிக்குச் சில பத்து முறைக்கு மேல் ஈடுகொடுக்காது. நரம்பணுவின் ஒரு மின்துடிப்போ ஏறக்குறைய ஒரு மில்லி நொடியில் அடங்கிவிடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் தொலைக் குவிய முறை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பாட்சர்பி, யுஷ்கைட்டிஸ், பூத், வில்சன் ஆகியோர் 2007இல் இதை முன்வைத்தனர். மாதிரியை நோக்கும் லென்ஸை அப்படியே விட்டுவிட்டு, ஒளிப்பாதையில் இரண்டாவது பொருளருகு லென்ஸ் ஒன்றை எதிர்த்திசையில் அமைத்தார்கள். முதல் லென்ஸ் உண்டாக்கும் கோளப் பிறழ்ச்சியை இரண்டாவது லென்ஸ் ஈடுகட்ட, மாதிரியின் பிழையற்ற முப்பரிமாணப் பிம்பம் தொலைவில் உருவாகிறது. அங்கே இருக்கும் சின்னஞ்சிறு ஆடியை நகர்த்தினால் மாதிரிக்குள் குவியம் நகரும். நீரில் தோயும் லென்ஸுடன் காற்றில் இயங்கும் லென்ஸை இணைத்தால், குவியத்தை 100 மைக்ரான் நகர்த்த ஆடி சுமார் 67 மைக்ரான் நகர்ந்தால் போதும். ஆடி எடையற்றது என்றே சொல்லலாம். 2012இல் இதே குழுவினர், பல ஃபோட்டான் நுண்ணோக்கியில் நூற்றுக்கணக்கான மைக்ரான் ஆழத்தை நொடிக்கு ஆயிரம் முறை என்ற வீதத்தில் அலசிக் காட்டினர்.

வேகத்தையே எல்லோரும் மெச்சுகிறார்கள். ஆனால் இதன் பெரிய பலம் அசைவின்மை. லென்ஸின் முனைக்கும் மாதிரிக்கும் நடுவே நிற்கும் நீர்த்துளியைக் கவனித்தால் இது விளங்கும். லென்ஸ் இறங்கும்போது துளி அழுந்துகிறது, ஏறும்போது இழுபடுகிறது. அந்த அதிர்ச்சி மென்மையான திசுவரை போகிறது. படத்தில் தெரியும் அசைவு உயிரின் அசைவா, கருவி தந்த அசைவா என்ற சந்தேகம் எழுகிறது. தொலைக் குவியத்தில் மாதிரியின் பக்கத்தில் எதுவுமே அசைவதில்லை. ஆகவே அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

இனி விலை. முதலாவது, ஒளி இழப்பு. ஆடிக்குப் போகும் ஒளியையும் திரும்பும் ஒளியையும் பிரிக்கத் தளவிளைவுப் பிரிப்பான் வேண்டும். மாதிரி உமிழும் ஒளிர்வு பெரும்பாலும் தளவிளைவுறாதது. அதனால் அதில் பாதி அங்கேயே வீணாகிறது. மங்கலாக ஒளிரும் உயிரணுக்களில் பாதி என்பது தாங்க முடியாத நட்டம். பல ஃபோட்டான் வகையைச் சேர்ந்த இரு ஃபோட்டான் முறையில் இந்தக் குறை இல்லை. அங்கே லேசர் மட்டுமே ஆடிக்குப் போய்வருகிறது. ஒளிர்வை மாதிரிக்கு அருகிலேயே பிடித்துவிடலாம். ஆனால் கூடுதல் கண்ணாடிகளைக் கடக்கும் லேசரின் குறுந்துடிப்பு நீண்டு வலுவிழக்கும். அதற்குத் தனியே திருத்தம் தேவை.

இரண்டாவது, சீரமைப்பு. இரு லென்ஸ்களுக்கிடையிலான உருப்பெருக்கம், இரு ஊடகங்களின் ஒளிவிலகல் எண்களின் விகிதத்துக்குச் சமமாக இருந்தாக வேண்டும். நீருக்கும் காற்றுக்கும் அது 1.33. அந்த விகிதம் பிசகினால் பிழை ஈடுகட்டப்படாது. திசுவின் ஒளிவிலகல் எண் நீரிலிருந்து விலகினாலும் ஆழத்தில் கூர்மை குறையும்.

போட்டி முறைகளிலும் குறை உண்டு. மின்னோட்டத்தால் வளைவு மாறும் திரவ லென்ஸ் மலிவானது, பொருத்த எளிதானது. ஆனால் அகன்ற கோணத்தில் ஒளி வாங்கும் லென்ஸோடு சேர்ந்தால் கோளப் பிறழ்ச்சி தலைதூக்கும். ஒலியலையால் இயங்கும் லென்ஸ் இன்னும் வேகமானது. ஆனால் ஓயாமல் ஊசலாடும், விரும்பிய ஆழத்தில் நிற்காது.

வேகம் பற்றிய பெருமையையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இரு ஃபோட்டான் நுண்ணோக்கியின் வழக்கமான லேசர் நொடிக்கு 8 கோடி துடிப்புகள் தருகிறது. 512க்கு 512 புள்ளிகள் கொண்ட தளங்களை நொடிக்கு ஆயிரம் எடுக்க முயன்றால் 26 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் வருகின்றன; மூன்று புள்ளிக்கு ஒரு துடிப்புகூட முழுதாகக் கிடைக்காது. குவியம் எவ்வளவு விரைந்தாலும், ஒளி வந்து சேராவிட்டால் படம் வராது. தேர்ந்தெடுத்த சில கோடுகளையோ புள்ளிகளையோ அலசும்போதுதான் இந்த வேகம் பயன்தரும்.

இந்தக் கருத்தின் இன்னொரு கிளை, மாதிரியை மெல்லிய தாள்போன்ற ஒளியால் துலக்கும் ஒளித்தாள் நுண்ணோக்கியில் தழைத்தது. 2008இல் டன்ஸ்பி, தொலைப் பிம்பத்தைச் சாய்வான மூன்றாவது லென்ஸால் பார்க்கும் வழியைக் காட்டினார். 2015இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹில்மன் குழு அதை விரைவு அலசலாக வளர்த்தது. சாய்வினால் ஒளி இழப்பு நேர்ந்தது. முனையில் கண்ணாடி பொருத்திய லென்ஸ்கள் பின்னர் அதைப் பெரிதும் குறைத்தன.

ஆகவே, அசையாமை தேவைப்படும் உயிர் மாதிரிகளுக்கும் சில கோடுகளை மில்லி நொடியில் தொடரும் நரம்பியல் ஆய்வுக்கும் தொலைக் குவியமே சிறந்தது. நிலைப்படுத்திய திசுவை நிதானமாக அடுக்கடுக்காக எடுப்பவருக்குப் பீசோவே போதும். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, கருவி எத்தனை வேகம் என்பதல்ல. உங்கள் மாதிரி அந்த வேகத்துக்கு வேண்டிய ஒளியைத் தருமா என்பதே.