முகத்திரையும் கூடாரமும்: துவாரெக் திருமணம் பற்றிய இரு பார்வைகள்

கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார்கள். அந்தப் பயிர் யாருடைய நிலத்தில் வளர்கிறது என்று நாம் அதிகம் கேட்பதில்லை. சகாரா பாலைவனத்துத் துவாரெக் மக்களைப் பற்றி இரு மானுடவியல் அறிஞர்கள் எழுதியவற்றை அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு அந்தக் கேள்வி எழுந்தது. நம் சங்க அன்பர்களோடு அதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

அல்ஜீரியா, மாலி, நைஜர், லிபியா நாடுகளில் ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்ந்துவந்த நாடோடி முஸ்லிம்கள் துவாரெக்குகள். அங்கே முகத்தை மூடுவது ஆண்கள்தான், பெண்கள் அல்ல. 'அஹால்' என்னும் மாலைக் கூட்டங்களில் பெண்கள் 'இம்ஸாத்' என்ற ஒற்றைத் தந்தி வாத்தியம் வாசிக்க, இளைஞர்கள் கவி சொல்வார்கள். காதல் பேச்சும் நடக்கும். இதை மட்டும் பார்த்துவிட்டு, "அடேயப்பா, என்ன சுதந்திரம்!" என்று எழுதிவிடுவோர் உண்டு. ஆனால் முதல் கல்யாணத்தைப் பெரும்பாலும் பெரியவர்களே பேசி முடிப்பார்கள். மேல்குடியினர் நெருங்கிய சொந்தத்தையே விரும்புவர். கொல்லர் குலத்தார் நடுவில் நின்று சம்பந்தம் பேசுவதுண்டு. பரிசமாக மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒட்டகங்கள் போகும்.

ராபர்ட் மர்ஃபி 1964ல் எழுதிய 'சமூக இடைவெளியும் முகத்திரையும்' என்ற கட்டுரை புகழ்பெற்றது. துவாரெக்குகள் அத்தை, மாமன் பிள்ளைகளை மட்டுமல்ல, சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளையும் மணக்கலாம். நமக்கு அண்ணன் தங்கை முறை. கேட்கவே கூச்சமாக இருக்கும். நம்மிடம் யார் கட்டிக்கொள்ளும் முறை, யார் இல்லை என்பதை உறவுச் சொல்லே பிறப்பிலிருந்து சொல்லிவிடும். அங்கே அப்படிப் பிரிப்பதில்லை. ஒரே மனிதர் சித்தப்பாவாகவும் மாமனாராகவும் இருப்பார். இந்தக் குழப்பத்தில் தேவைப்படும் இடைவெளியைத் திரை தருகிறது என்கிறார் மர்ஃபி. மாமனார், மாமியார் எதிரில் மருமகன் திரையை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொள்வது அதனால்தானாம்.

நல்ல விளக்கம்தான். எனக்கு ஒரு குறை தெரிகிறது. மர்ஃபி ஆணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மணப்பெண் எங்கே?

அவளைக் காட்டுபவர் சூசன் ராஸ்முசன். நைஜரின் ஆயிர் மலைப்பகுதியில் நெடுங்காலம் ஆய்வு செய்தவர். கல்யாண நாட்களில் பெண் வீட்டு மூதாட்டிகள் கூடாரம் அமைக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் அதைப் பிரித்துச் சற்றுப் பெரிதாகக் கட்டுகிறார்கள். அவர்கள் மொழியில் கூடாரம் கட்டுவது என்றாலே கல்யாணம் செய்வதுதான். அது பெண்ணின் சொத்து. மாப்பிள்ளை முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மாமனார் வீட்டுப் பக்கம் இருந்து உழைக்க வேண்டும். ஒத்துவராமல் போனால் வெளியேறுகிறவன் அவன்தான். கூடாரம் அவளிடமே இருக்கும்.

இங்கே நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். என் அக்காள் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு டிரங்குப் பெட்டிதான் இருந்தது. "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்றுதான் நாங்களும் சொன்னோம். நானும் சொன்னேன்.

கூடாரம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ராஸ்முசனும் சொல்லவில்லை. வெளியே சொல்ல முடியாத ஆசையும் வருத்தமும் சில பெண்களிடம் ஆவி பிடித்ததாக வெளிப்படுவதை 1995ல் வெளியான நூலில் விரிவாகவே எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பேயாட்டம் நினைவுக்கு வரும். 1970களின் தொடக்கத்திலும் 1984-85லும் வந்த கடும் வறட்சியில் மந்தைகள் அழிந்தன. பலர் ஊர்களில் தங்கிவிட்டார்கள். ஆண்கள் கட்டும் மண்வீடு ஆண்களுக்கே சொந்தம். விவாகரத்து வந்தால் பெண் இருக்கும் இடத்தை இழக்கும் ஆபத்து அங்கும் வந்துவிட்டது. பழைய வழக்கத்தின் பலம் கூடாரத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பெரியோர் பார்த்த கல்யாணமா, காதல் கல்யாணமா என்று நம் பட்டிமன்றங்களில் வாதாடிக்கொண்டே இருக்கிறோம். துவாரெக் வாழ்க்கை காட்டும் அளவுகோல் வேறு. யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பது ஒரு கேள்வி. சரிவராவிட்டால் யார் வெளியேற வேண்டும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இந்த மலரைப் படிக்கும் பெற்றோர் ஜாதகத்தோடு அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள்.