சுருக்கியதில் எது போச்சு?

போன மாதம் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டைச் சுருக்கிக்கொண்டிருந்தேன். நாம் கொடுக்கும் சொற்களை நடுவிலிருந்து தொடங்கி, நத்தை ஓடு மாதிரி சதுரச் சுழலாகத் திரையில் வரையும் ஸ்கிரிப்ட் அது. கல்லூரியில் எழுதியது, 41 வரி. நண்பன் பார்த்துவிட்டு, "என்னடா இவ்ளோ நீளம்? பத்து வரி போதும்டா இதுக்கு" என்றான். ரோஷம் வந்துவிட்டது.

இலக்கிய இதழில் இது எதற்கு என்று கேட்கலாம். வெட்டுவது நம் வேலையும்தான். கவிதையைக் காட்டினால் முதலில் கிடைக்கும் அறிவுரை, 'இன்னும் சுருக்குங்க.' எதை வெட்டினால் கவிதை கூர்மையாகிறது, எதை வெட்டினால் செத்துப்போகிறது என்பதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதை இந்த ஸ்கிரிப்ட்தான் சொல்லிக்கொடுத்தது.

முதல் வெட்டு நல்ல வெட்டு. பழைய ஸ்கிரிப்ட்டில் வலம், கீழ், இடம், மேல் என்று திசைக்கு ஒன்றாக நான்கு துண்டுகள் இருந்தன. கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தபோது புரிந்தது: இவை நான்கு விதிகள் அல்ல, ஒரே திருப்பம். இரண்டு எண்களை இடம் மாற்றி, ஒன்றுக்கு மட்டும் கழித்தல் குறி போட்டால் திசை திரும்பிவிடும். பக்கங்களின் நீளம் 1, 1, 2, 2, 3, 3 என்று வளர வேண்டும். திருப்பத்தின் எண்ணோடு ஒன்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் போதும். ஷெல் மீதியைத் தானே தூக்கிப்போட்டுவிடும். வரிகள் குறைந்தன, சுழல் என்றால் என்ன என்பது எனக்கு இன்னும் தெளிவானது.

இரண்டாவது வெட்டில்தான் சறுக்கினேன். மேலே ஆறு வரி, சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, சிலவற்றை மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தது. எதற்கு என்று ஞாபகம் இல்லை. சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் பாஷ் நேரடியாகவே எடுத்துத் தருமே! ஆறு வரியையும் தூக்கினேன். ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கொடுத்தேன். அழகாகச் சுழன்றது. மொத்தம் 11 வரி. நண்பனுக்கு அனுப்பினேன்.

பிறகு 'சுழிகுளம்' என்று தட்டிப் பார்த்தேன். உகரச் சுழிகள் தனியாகப் பிய்ந்து போயின. சில இடங்களில் வெறும் புள்ளி வட்டம். நமக்கு அது ஐந்து எழுத்து. யூனிகோடில் ஒன்பது குறியீடு, கோப்பில் 27 பைட். பாஷ் ஒன்பதை எண்ணிற்று. அந்த ஆறு வரி எதற்கென்று அப்போதுதான் நினைவு வந்தது. நான் குப்பை என்று வெட்டியது தமிழை.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1986இல் ஜோன் பென்ட்லி தன் பத்தியில், ஒரு உரையில் அதிகம் வரும் சொற்களைக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதும்படி டோனல்ட் கனூத்திடம் கேட்டார். நிரலும் இலக்கியம்போல் வாசிக்கப்பட வேண்டும் என்று சொன்னவர் கனூத். 10 பக்கத்துக்கும் மேல் எழுதினார். விமர்சனம் எழுதிய டக்ளஸ் மெக்கில்ராய், அதே வேலையை ஆறு ஷெல் கட்டளைகளைக் கோத்துச் செய்து காட்டினார். சுருக்கத்தின் வெற்றியாக இன்றுவரை கொண்டாடப்படும் கதை இது.

எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அந்த முதல் கட்டளையைப் படித்துப் பாருங்கள். ஆங்கில எழுத்து அல்லாத எல்லாவற்றையும் அது வரிமுறிவாக மாற்றுகிறது. ஒரு தமிழ் நாவலைக் கொடுத்தால் கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு வெற்று வரி. மெக்கில்ராயைக் குற்றம் சொல்லவில்லை. 1986இல் யூனிகோடே இல்லை, அவருக்குக் கொடுத்த வேலையும் ஆங்கிலச் சொற்கள்தான். ஆனாலும் அந்தச் சுருக்கத்தில் பாதி அறிவு, மீதி 'சொல் என்றால் ஆங்கிலச் சொல்' என்ற அனுமானம். அனுமானத்துக்கு வரி தேவைப்படாது. அதனால்தான் அது கண்ணில் படுவதில்லை.

தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் ஒன்றின் பெயரே சுழிகுளம். வரிக்கு எட்டெழுத்தாக நான்கு வரி. முதல் நெடுவரிசையில் மேலிருந்து இறங்கி, கடைசி நெடுவரிசையில் கீழிருந்து ஏறினால் மறுபடி முதல் வரியே வரும். அடுத்து இரண்டாவதில் இறங்கி ஏழாவதில் ஏறினால் இரண்டாம் வரி. இப்படியே சுழி உள்ளே போகும். 32 கட்டம்தான், இதைவிட இறுக்கமான வடிவம் கஷ்டம். ஆனால் அங்கே கட்டத்துக்குள் உட்காருவது முழு எழுத்து. 'வி' ஒரு கட்டம், 'ர்' ஒரு கட்டம். எதைப் பிரிக்கக் கூடாது என்று முடிவு செய்த பிறகே அந்த மரபு சுருக்கத் தொடங்குகிறது.

என் ஸ்கிரிப்ட் இப்போது 12 வரி. உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தோடு சேர்த்தே எடுக்க கிரெப் கட்டளையில் ஒரு வழி இருக்கிறது. பழைய ஆறு வரியின் வேலையை அது ஒரே வரியில் செய்கிறது. தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறு என்பதால் சுழல் கொஞ்சம் கோணல்தான். பரவாயில்லை, படிக்க முடிகிறது.

"ஒரு வரி கூடிப்போச்சே" என்றான் நண்பன்.

"ஆமாடா, அந்த வரியிலதான் தமிழ் இருக்கு" என்றேன்.